கல்லூரியை விட்டு நிற்பது என்றால் என்ன? கட்டணமும் கல்விக்கடனும் அப்புறம் என்னவாகும்?

என் சித்தி மகன் பொறியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. முதல் வாரம் காய்ச்சல் என்றான், அடுத்த வாரம் ஏதோ காரணம் சொன்னான், மாசி பிறந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. ஏழு அரியர், படிப்பு பிடிக்கவில்லை, இனிமேல் போகமாட்டான். சரி, அது அவன் வாழ்க்கை, அதில் நான் தலையிடவில்லை. என்னைக் கூப்பிட்டது ஜூலையில், மூன்றாம் வருடக் கட்டணம் கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்தபோது.

உட்கார்ந்து பேப்பர்களைப் புரட்டினால், அவன் வீட்டில் படுத்திருந்த அந்த ஜனவரி மாதக் கடைசியில், டிசம்பரிலேயே கொடுத்து வைத்திருந்த கட்டண விவரக் கடிதத்தை வைத்து, வங்கி நான்காம் செமஸ்டருக்கான 50,000 ரூபாயைக் கல்லூரிக் கணக்கில் போட்டிருந்தது. ஒரு நாள்கூடப் போகாத செமஸ்டர். வங்கிக்கு அவன் நின்றது தெரியாது. கல்லூரிக்கும் அதிகாரபூர்வமாகத் தெரியாது, வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் என்று மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் நின்றிருக்கக்கூடிய 50,000.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். படிப்பைப் பாதியில் விடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. விடுவது என்று முடிவாகிவிட்டால், அதை எப்படிச் செய்வது, கட்டிய பணத்தில் எது திரும்பும், வாங்கிய கடன் என்னவாகும் என்பதை முதல்முறை கேள்விப்படுபவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருக்கும் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளுக்கும், பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடனுக்கும் பொருந்தும். மருத்துவப் படிப்புகளில் சேரும்போதே எழுதி வாங்கும் பாண்டு விவகாரம் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

நிற்பதும் விலகுவதும்

நாம் பேச்சில் "டிஸ்கன்டினியூ பண்ணிட்டான்" என்று சொல்வது இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறது. ஒன்று, போகாமல் நின்றுவிடுவது. இன்னொன்று, எழுதிக் கொடுத்து, பெயரை நீக்கச் சொல்லி, டிசி வாங்கிக்கொண்டு வருவது. முதலாவதைச் செய்தவன் கல்லூரிக் கணக்கில் இன்னும் மாணவன். கட்டணம் ஏறும், ஹாஸ்டல் அறையைக் காலி செய்யவில்லை என்றால் வாடகையும் ஏறும், சில இடங்களில் மெஸ் பில்லும் சேர்ந்து ஏறும். இரண்டாவதைச் செய்தவனுக்கு ஒரு தேதி இருக்கிறது. பின்னால் வரும் எல்லாச் சண்டையும் அந்தத் தேதியை வைத்துத்தான் நடக்கும்: எந்த நாள்வரை நீ மாணவன், எந்த நாளிலிருந்து இல்லை.

ஆகவே முதல் வேலை கடிதம். முதல்வர் பெயருக்கு எழுதுங்கள். பெயர், பதிவு எண், துறை, எந்த செமஸ்டர், கடைசியாக வகுப்புக்குப் போன தேதி, எந்தத் தேதியிலிருந்து விலகுகிறீர்கள், இவ்வளவும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அடுத்த பத்தியில் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள்: மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், கொடுத்து வைத்த பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்கள், இதுவரை எழுதிய செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல், காஷன் டெபாசிட் (சேரும்போது வைப்பாக வாங்கிய பணம்), விதிப்படி திரும்ப வேண்டிய கட்டணம். காரணம் ஒரு வரி போதும். "சொந்தக் காரணங்களால்" என்றால் யாரும் தோண்டிக் கேட்க முடியாது. உடல்நிலைதான் உண்மையான காரணம் என்றால் மட்டும் அதை மறைக்காமல் எழுதி, மருத்துவச் சான்றையும் இணைத்துவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மாணவர், பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு இன்வர்டு சீல், அதாவது கடிதம் கிடைத்ததற்கான முத்திரை, வாங்குங்கள். சீல் போட மறுப்பார்கள், "சாரைப் பாத்துட்டு வாங்க" என்பார்கள், சார் மீட்டிங்கில் இருப்பார். பரவாயில்லை, அன்றைக்கே அதே கடிதத்தைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கிற மாதிரி தபாலிலும் அனுப்புங்கள். சின்னச் செலவில் தேதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஒரு விஷயம், கடிதம் எழுதுவதற்கு முன்னால். விலகாமல் இடைவெளி மட்டும் எடுக்கிற வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு, இதை "பிரேக் ஆஃப் ஸ்டடி" என்பார்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் நான்கு வருடப் பொறியியல் படிப்பை ஏழு வருடத்துக்குள் முடிக்க அவகாசம் இருக்கிறது. குடும்பத்தில் ஒரு நெருக்கடி, உடம்பு சரியில்லை, ஒரு வருடம் ஓடினால் சரியாகிவிடும் என்கிற நிலைமை என்றால் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். இடைவெளி என்றாலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும், அது மாறாது.

கட்டிய பணத்தில் எது திரும்பும்?

இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம். முதல் வருடத்தில், சேர்ந்த சில வாரங்களில் விலகுகிறவருக்கு ஒரு கணக்கு. வருடக்கணக்கில் படித்துவிட்டு விலகுகிறவருக்கு வேறு கணக்கு.

முதல் வகைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் போட்ட அறிவிக்கை இருக்கிறது. அது நாட்களை எண்ணுவது நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து இல்லை, அந்தக் கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதியிலிருந்து. இதைக் கவனிக்காமல்தான் பலர் "சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு" என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் 100 சதவீதம் திரும்பும், அதில் நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள்வரை 80, 16-வது நாளிலிருந்து 30-வது நாள்வரை 50, அதற்கும் மேலே போனால் ஒன்றும் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு மாணவி பிகாம் சேர 60,000 ரூபாய் கட்டுகிறாள், சேர்க்கைக் கடைசித் தேதி ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்வோம். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து ஆகஸ்ட் 16-க்குள் எழுதிக் கொடுத்தால் 3,000 போக 57,000 திரும்பும். செப்டம்பர் 10-ல் கொடுத்தால் 48,000. செப்டம்பர் 25 என்றால் 30,000. அக்டோபர் 5 என்றால் கைவிரிப்புதான். ஒரே மாணவி, ஒரே கல்லூரி, கடிதத்தின் தேதி மட்டும்தான் மாறுகிறது. கவுன்சிலிங் தாமதமாகும் சில வருடங்களில் யுஜிசி இதைவிடத் தாராளமான தனி உத்தரவும் போடும். 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி என்று போட்டார்கள். ஆகவே நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பணத்தைத் திருப்ப அந்த அறிவிக்கை கொடுக்கும் அவகாசம், எழுத்துபூர்வமான விண்ணப்பம் கிடைத்து 15 நாள். காஷன் டெபாசிட் கட்டணத்தில் சேராது, அது முழுசாகத் திரும்ப வேண்டிய பணம். நீங்கள் உடைத்த பீக்கருக்கும் தொலைத்த நூலகப் புத்தகத்துக்கும் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏஐசிடிஇ-யின் விதி. படிப்பு தொடங்குவதற்கு முன்பே விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். தொடங்கிய பிறகு விலகி, அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்ந்துவிட்டால், நீங்கள் இருந்த மாதங்களுக்கான பங்கை மட்டும் கழிக்கலாம்.

இரண்டாம் வருடத்தில், மூன்றாம் வருடத்தில் விலகுகிறவர்களுக்கு இந்தச் சதவீதம் எதுவும் உதவாது. படித்த செமஸ்டருக்குக் கட்டியது போனதுதான். அங்கே கேள்வி வேறு: படிக்கப் போகாத வருடங்களுக்குக் கட்டச் சொன்னால் என்ன செய்வது?

"மீதி ரெண்டு வருஷத்தையும் கட்டிட்டு டிசி வாங்கிக்கோங்க"

இதை எங்களிடம் கல்லூரி அலுவலகத்தில் சொன்னவர் சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. கணினியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ பஸ் டிக்கெட் விலை சொல்கிற மாதிரி சொன்னார். இடம் காலியாகிவிடுகிறது, எங்களுக்கு நஷ்டம், மூன்றாம் வருடம், நான்காம் வருடம் இரண்டுக்கும் கட்டணம் வைத்துவிட்டு சர்டிபிகேட் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா முகம் வெளுத்துவிட்டது. நகையை அடகு வைத்தால் எவ்வளவு வரும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஏஐசிடிஇ விதி இதில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்துகொண்டு போகும் மாணவரிடம், அது எந்தக் கட்டத்தில் நடந்தாலும், அடுத்தடுத்த வருடங்களுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. யுஜிசி அறிவிக்கையும், அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு, நகலை மட்டும் வைத்துக்கொள் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இப்படிப்பட்ட வழக்குகளில் கல்விச் சான்றிதழ் ஒன்றும் சந்தைச் சரக்கில்லை, பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. உண்மையான பாக்கி இருந்தால், அதாவது படித்த செமஸ்டருக்கே கட்டாமல் விட்டது, மெஸ் பாக்கி, இதெல்லாம் நீங்கள் தர வேண்டிய கடன்தான், மறுக்க வேண்டாம். அதை வசூலிக்க வழி வேறு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பீரோவில் பூட்டி வைப்பது வழி இல்லை.

நாங்கள் அங்கே கேட்டது ஒன்றுதான். "சரி சார், கட்டறோம், இந்த ரெண்டு வருஷத்துக் கட்டணம் எந்த விதிப்படின்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க." எழுதித் தரவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், அடுத்த வாரம் தொகை பாதியானது, அதற்கடுத்த வாரம் நூலக அபராதமும் லேப் பாக்கியுமாக இரண்டாயிரத்துச் சொச்சம் என்று வந்து நின்றது. அதைக் கட்டி ரசீது வாங்கினோம். பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் நூலகம், லேப், விளையாட்டுத் துறை, ஹாஸ்டல் என்று ஆறு கையெழுத்து வாங்க ஒரு நாள் முழுக்க அலைந்தான் தம்பி. டிசி வந்தது. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன், சில இடங்களில் விடாப்பிடியாக நிற்பார்கள்.

அப்படி நின்றால் மேலே போக வழி இருக்கிறது. யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசிக்கு இ-சமாதான் என்ற இணையதளம் இருக்கிறது, ஏஐசிடிஇ-க்கும் புகார் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அரசு உதவித்தொகை ஏதாவது வந்துகொண்டிருந்தால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உட்பட, அது படிக்கிறவர்களுக்கான பணம். விலகினால் நிற்கும். விலகிய பிறகும் கணக்கில் வந்தால் செலவழித்துவிடாமல் கல்லூரியில் சொல்லிவிடுங்கள்.

இனி கடன்

கல்விக்கடன் எப்படி ஓடுகிறது என்று முதலில் புரிந்துகொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டித்தான் பொதுத்துறை வங்கிகள் கொடுக்கின்றன. 4 லட்சம்வரை சொத்து ஈடும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம், ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். மொத்தக் கடனும் ஒரே நாளில் வருவதில்லை, வருடத்துக்கோ செமஸ்டருக்கோ ஒரு தவணையாகக் கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போகும். படிக்கும் காலமும் முடித்தபின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், அந்தக் காலத்துக்குத் தனி வட்டி (வட்டிக்கு வட்டி இல்லாமல்) மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு அதிகபட்சம் 15 வருடம் மாதத்தவணை.

இதில் பாதியில் விலகினால் மூன்று காரியம் நடக்கும்.

அனுமதித்த கடனில் மீதி வராது. தம்பிக்கு 4 லட்சம் சாங்ஷன், நான்கு செமஸ்டருக்கு 2 லட்சம் போயிருந்தது. அவன் கடனாளியானது அந்த 2 லட்சத்துக்கும் அதன் வட்டிக்கும்தான், 4 லட்சத்துக்கு இல்லை. சித்தி இதைத் தெரியாமல் நாலு லட்சம் என்று மூன்று மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

இரண்டாவது, தவணை இல்லாத காலம் சுருங்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் என்று சாங்ஷன் கடிதத்தில் போட்ட கணக்கு படிப்பு முடியும் என்ற நம்பிக்கையில் போட்டது. விலகியது தெரிந்ததும் வங்கி உங்களோடு பேசிப் புதுத் தவணை அட்டவணை போடும். "பேசி" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தானாகப் போய் உட்கார்ந்தால் அது பேச்சு, அவர்கள் தேடி வரும்படி விட்டால் அது வசூல்.

மூன்றாவது, வட்டி மானியம் போகும். இதுதான் பலருக்குத் தெரியாத அடி. பெற்றோர் வருட வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், பொறியியல் மாதிரியான தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10-லிருந்து இருக்கிறது. பாதியில் விலகியவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் அது கிடையாது. ஒரே விலக்கு உடல்நிலை. மருத்துவக் காரணத்தால்தான் விலகினார் என்று உரிய ஆவணங்களோடு காட்டினால் மானியம் கேட்க வழி உண்டு. கடிதத்தில் உண்மையான உடல்நிலைக் காரணத்தை மறைக்க வேண்டாம் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். "மன உளைச்சல்னு எழுதினா பையனுக்குப் பொண்ணு கிடைக்காது" என்று தயங்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் கல்லூரிக் கோப்பையும் வங்கிக் கோப்பையும் தாண்டி எங்கும் போகாது.

தம்பியின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஆகஸ்ட், ஜனவரி, மறு ஆகஸ்ட், மறு ஜனவரி என்று நான்கு முறை 50,000. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், கணக்கு சுலபமாக இருக்கும். நாங்கள் வங்கிக்குப் போன ஜூலையில் முதல் 50,000-க்கு 23 மாதம், அடுத்ததற்கு 18, அடுத்ததற்கு 11, கடைசிக்கு 6 மாதம் ஆகியிருந்தது. மொத்த வட்டி சுமார் 24,000. ஆக 2,24,000. படித்து முடித்திருந்தால் அந்த 24,000-ஐ அரசு கட்டியிருக்கும்.

இதை 5 வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 4,760 ரூபாய், மொத்தம் 2,86,000 கட்டுவீர்கள். 10 வருடம் என்றால் மாதம் 2,960, மொத்தம் 3,55,000. 15 வருடம் என்றால் மாதம் 2,410, மொத்தம் 4,33,000. பத்து வருடத்துக்கும் பதினைந்துக்கும் மாதத்தவணையில் 550 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 78,000. வேலை கிடைக்காத நிலையில் தவணை குறைவாக இருப்பதுதான் நல்லது என்று நீண்ட காலத்தைக் கேட்டு வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் கையில் காசு வரும்போது முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். இந்தத் திட்டத்தில் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

கல்லூரி ஏதாவது பணம் திருப்பித் தருகிறது, அந்தக் கட்டணத்தைக் கட்டியது வங்கி என்றால், அந்தப் பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும். கடன் கணக்கு எண்ணைக் கடிதத்திலேயே எழுதி அங்கே அனுப்பச் சொல்லிவிடுங்கள். அந்த நான்காம் செமஸ்டர் 50,000 இருக்கிறதே, அதைத் திரும்பக் கேட்டோம். விலகல் கடிதம் ஜூலைத் தேதி போட்டது, பணம் வாங்கிய ஜனவரியில் பையன் எங்கள் மாணவன்தான் என்றார்கள். பதில் சொல்ல எங்களிடம் காகிதம் இல்லை.

வங்கிக்கும் அதே நாளில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கிளை மேலாளர் பெயருக்கு, கடன் கணக்கு எண் போட்டு, இன்ன தேதியில் விலகுகிறேன், இனிமேல் எந்தத் தவணையும் கல்லூரிக்கு விடுவிக்க வேண்டாம், திருப்பிச் செலுத்தும் அட்டவணை பற்றிப் பேச நேரம் கொடுங்கள் என்று. கல்லூரிக் கடிதத்தின் நகலை இணையுங்கள். வேறு படிப்பில் சேரப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதை வைத்துத் தவணையைத் தள்ளிப்போடவோ மறுபடி கடன் பார்க்கவோ வழி இருக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடியும். தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான், அதை எடுத்து ஒரு வரி விடாமல் படிக்க வேண்டியதுதான்.

கட்டாமல் விட்டால்

90 நாள் தவணை விழவில்லை என்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேரும். சிபிலில், அதாவது யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று வங்கிகள் பார்க்கும் பதிவில், விழும், மாணவர் பெயரில் மட்டும் இல்லை, கூட்டுக் கடனாளியான அப்பா பெயரிலும். இருபது வயதுப் பையனுக்கு சிபில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அப்பா ஒரு டிராக்டர் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டுவாரே, அன்றைக்குத் தெரியும்.

இரண்டு நம்பிக்கைகளை அடிக்கடி கேட்கிறேன். ஏழரை லட்சம்வரை உள்ள கடனுக்கு அரசு உத்தரவாதம் இருக்கிறது, ஆகவே கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும் என்பது ஒன்று. அந்த உத்தரவாத நிதி இருப்பது உண்மை. அது வங்கியின் நஷ்டத்தைத் தாங்குவதற்கு, உங்கள் கடன் அப்படியே இருக்கும். இன்னொன்று தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்பது. வரட்டும், வந்தால் சந்தோஷம், அதுவரை ஏறும் வட்டியை யார் கட்டுவது?

நிஜமாகவே கட்ட முடியாத நிலை என்றால், 90 நாள் ஆவதற்கு முன்பே போய்த் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தாண்டிப்போய்விட்டது என்றால் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்கலாம், அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஒரே தொகையில் தீர்க்கும் ஒப்பந்தம் போட்டால் வட்டியில் நல்ல தள்ளுபடி கிடைக்கலாம், ஆனால் சிபிலில் "முழுசாகக் கட்டி முடித்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மீறினால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் போடலாம், செலவில்லை.

தம்பி இப்போது ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறான், பத்து வருட அட்டவணை, மாதம் 2,960 அவன் கணக்கிலிருந்தே போகிறது. தீபாவளி போனஸை அப்படியே கடனில் போட்டான். அடைத்து முடிக்கும் நாளில் என்ன வாங்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கடன் முடிந்ததற்கான நோ டியூ சான்றிதழ், கணக்கு மூடப்பட்ட அறிக்கை, ஒன்றிரண்டு மாதம் கழித்து அவன் பெயரிலும் சித்தப்பா பெயரிலும் சிபில் அறிக்கை எடுத்துப் பார்ப்பது. சொத்துப் பத்திரத்தை ஈடு வைத்தவர்கள் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கடனை முழுசாக அடைத்த 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். இது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு, கிளையில் சிலருக்கே ஞாபகம் இருப்பதில்லை, நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.